நம் வாழ்வும் நாம் வழங்கும் சொல்லும்

நன்னூலைப் பள்ளியில் பயின்றவர் எல்லார்க்கும் குழூஉக்குறி என்னும் சொல் நினைவிருக்கும். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர். யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பர். இவை உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல் பிறர்க்கு விளங்குவதில்லை. விளங்கவேண்டும் என்று அவர்கள் கருதுவதும் இல்லை. மொழியில் இத்தகைய வழக்கும் உண்டென்பதைப் பவணந்தி முனிவர் ஏற்று, இடக்கரடக்கல், மங்கலம் ஆகியவற்றோடு சேர்த்துத் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக வைத்தார்.

குழூஉக்குறியால் பெரிய இடர் ஒன்றும் இல்லை. பொருள் தெரியாதவன் கேட்டுத் தெரிந்துகொண்டால் முடிந்தது. இடர் வேறோர் இடத்தில் உள்ளது. ஒரே சொல்லை இரண்டு சமூகத்தார் வழங்குகின்றனர். இருவர்க்கும் அது தாய்மொழிச் சொல். ஆனால் இருவர் வாழும் முறையும் வேறாதலால் அச்சொல் இருவர் உள்ளத்திலும் வேறு வேறு பொருளாய் நிற்கிறது. வேறாய் நிற்பதை இருவருமே அறியார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழே பேசி, தமிழிலேயே நூல் செய்து, தமிழிலேயே இறைவனை வழிபட்டுவரும் நம் சமூகத்தின் வரலாற்றில் இத்தகைய சொற்கள் பல. அவற்றுள் சிலவற்றை இங்கே எடுத்துப் பார்க்க விரும்புகிறேன்.

நன்னூலிலிருந்தே தொடங்கலாம். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில், கங்கர் குலத்துச் சிற்றரசனான சீயகங்கன் வேண்ட, சனகை என்னும் ஊரினரான பவணந்தியார் இயற்றியது இந்நூல். தமிழில் பெயர்ச்சொல் எல்லாம் உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பகுக்கப்படும் என்பது யாவரும் அறிந்தது. யார் உயர்திணை என்ற வினாவுக்குத் தொல்காப்பியர் தரும் விடை ஒன்றே: மக்கள். தெய்வத்தைக் குறிக்கும் பெயர்களுக்குத் தனித் திணை இல்லை, அவை உயர்திணை போலவே வினை கொள்ளும் என்று வேறோரிடத்தில் அவர் சொல்லிவைத்தார். பவணந்தியார் தரும் விடையோ மூன்று: மக்கள், தேவர், நரகர். உயிருள்ளவும் இல்லாதவும் ஆகிய மற்றவை எல்லாம் அஃறிணை.

தேவரைச் சேர்த்ததில் வியப்பில்லை. நரகர் எப்படி வந்தனர்? நரகத்தில் துன்புறுவோரைப் பற்றி நாள்தோறும் பேசும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை; வினைமுடிபு காட்டுவதற்கு இலக்கண ஆசிரியர்க்கு அவர்கள் தேவைப்பட்டிருக்கவும் மாட்டார்கள். ஆனால் நாற்கதி என்னும் கோட்பாட்டைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்த ஒருவர்க்கு உயிர்களை எண்ணத் தொடங்கினால் நான்கும் சேர்ந்தே நினைவுக்கு வரும்: தேவகதி, மக்கள்கதி, நரககதி, விலங்குகதி. முதல் மூன்றையும் உயர்திணையில் வைத்து நான்காவதை அஃறிணையில் வைத்துவிட்டால் பவணந்தியாரின் சூத்திரம் அமைந்துவிடுகிறது. சமயம் பரப்பும் நோக்கத்தோடு அவர் இதைச் செய்தார் என்று நான் கருதவில்லை. உலகத்து உயிர்கள் அவர் கண்ணுக்கு அப்படித்தான் வரிசையாக நின்றன. எந்தச் சமயத்துப் பிள்ளையாயினும் இன்றும் தமிழிலக்கணம் பயிலும்போது ‘மக்கள், தேவர், நரகர்’ என்றே மனப்பாடம் செய்கிறது.

இதனினும் கூர்ந்து நோக்கவேண்டிய இடம் ஒன்று உரியியலில் உள்ளது. உயிர்களை அறிவின் அளவால் பகுப்பது தமிழில் பழைய வழக்கு. தொல்காப்பிய மரபியல் புல்லும் மரமும் ஓரறிவின என்று தொடங்கி, சிதலும் எறும்பும் மூவறிவின, நண்டும் தும்பியும் நாலறிவின, விலங்குகள் ஐயறிவின என்று ஏறி, மனத்தையும் ஓர் அறிவாகக் கூட்டி மக்களை ஆறறிவுயிர் என்று தனியே உச்சியில் நிறுத்துகிறது. ‘ஆறறிவு படைத்த மனிதன்’ என்று மேடைதோறும் முழங்குவோர் அங்கிருந்தே எடுத்தனர். பவணந்தியாரோ ஐயறிவோடு நிறுத்திவிடுகிறார். அவருடைய ஐந்தாம் படியில் வானவர், மக்கள், நரகர், விலங்கு, பறவை ஆகிய எல்லாரும் ஒன்றாக அமர்ந்திருக்கின்றனர். முன்னோர் நூலின் வழிச் செல்பவர் முன்னோரின் உச்சிப்படியை எடுத்துவிட்டார்.

உமாசுவாதி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரத்தை அறிந்தவர்களுக்குக் காரணம் சொல்லவேண்டுவதில்லை. புழு, எறும்பு, வண்டு, மனிதன் என்று ஒவ்வொரு பொறியாகக் கூடிவரும் வரிசை அதில் உள்ளது. எறும்புக்கு மூன்று, வண்டுக்கு நான்கு, மனிதனுக்கு ஐந்து. நன்னூலின் வரிசையும் இதுவே. மனம் உடைமை என்பது அங்கே தனிச் செய்தி. ஐம்பொறி உயிர்களுள் மனம் உள்ளவையும் உண்டு, இல்லாதவையும் உண்டு. மனம் உள்ளவற்றுள் விலங்குகளும் அடங்கும். ஆகவே மனம் என்பது மனிதனை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டும் அடையாளம் ஆகாது. (தொல்காப்பியரும் சமணரே என்று வாதிடுவோர் நம்மவருள் உண்டு. அந்த வழக்கில் நான் இறங்கவில்லை. மேலே காட்டிய வேறுபாட்டிற்கும் அவர்கள் விடை கூறவேண்டும் என்பதோடு விடுகிறேன்.)

இலக்கணத்தில் இப்படி நிற்கும் எண்ணம் காப்பியத்தில் கதையாக வருகிறது. சீவக சிந்தாமணியில் அந்தணரின் உணவைத் தீண்டியதற்காக அடிபட்டுச் சாகும் நாயின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாய்ப் பிறந்து, பின்னர் அவனுக்கு உற்ற நண்பனாய் உதவுகிறது. அஃறிணையாய் வீழ்ந்த உயிர் உயர்திணையாய் எழுந்தது. திணை என்பது உயிரின் இயல்பன்று, அது இப்பிறப்பில் தங்கியிருக்கும் இடம் மட்டுமே என்பதைக் கேட்டு வளர்ந்த சிறுவனுக்கு ‘நாய் வந்தது’ என்னும் தொடரின் இலக்கணம் மாறாது. ஆனால் நாயின்மீது கல்லெறியக் கை ஓங்கும்போது வேறொன்று நினைவுக்கு வரும்.

இந்தக் காப்பியத்தின் உரை வரலாறே நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்குச் சிறந்த சான்று. நச்சினார்க்கினியர் சைவர், தமிழில் அவர்க்கு இணையான புலமையுடையோர் மிகச் சிலர். அவர் சிந்தாமணிக்கு முதலில் எழுதிய உரையைச் சமணச் சான்றோர் ஏற்கவில்லை என்றும், பின்னர் அவர் சித்தாமூர் சென்று சமண நூல்களைப் பயின்று மீண்டும் உரை வரைந்தார் என்றும் வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். இச்செவிவழிச் செய்தி எவ்வாறாயினும், அதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் உறுதியாகவே நடந்தது. 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்டுக்கொண்டபடி உ. வே. சாமிநாதையர் சிந்தாமணியைப் படிக்கப் புகுந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல்லாண்டுகள் பாடங்கேட்டவர், கல்லூரியில் தமிழாசிரியர். அத்தகையவர்க்கும் அந்நூல் பிடிபடவில்லை. சொற்கள் தமிழ்ச் சொற்களே, யாப்பும் பழகியதே, ஆனால் அச்சொற்களுக்குப் பின்னால் உள்ள வாழ்வு அவர் வாழ்ந்ததன்று.

அகராதி அவர்க்கு உதவவில்லை. கும்பகோணத்துச் சமண இல்லங்களே உதவின. சந்திரநாத செட்டியாரும் அவரைச் சார்ந்தோரும் எதிர்ப்பட்ட ஐயங்களுக்கு விளக்கம் தந்தனர். அவ்வில்லங்களில் சிந்தாமணி ஏட்டில் உறங்கும் இலக்கியமாக இருக்கவில்லை. அதை முறையாகப் படித்து முடித்த நாளை மாக்கோலமிட்டுத் தோரணம் கட்டி விழாவாகக் கொண்டாடும் அளவுக்கு அது வழிபாட்டு நூலாக இருந்தது. ஐயர் தம் வரலாற்றில் இதை வியப்போடு எழுதியிருக்கிறார். 1887இல் பதிப்பு வெளிவந்தது. தமிழ்ப் பழநூற் பதிப்பு வரலாற்றில் இது ஒரு திருப்புமுனை என்பர். நம் வீடுகளில் சொல் வழக்கு அறாமல் இருந்ததும் அப்பதிப்புக்கு ஒரு காரணம் என்பதை நாம் அடக்கத்தோடு, ஆனால் ஐயமின்றிச் சொல்லலாம். அன்று அந்த வீட்டார் ‘எங்கள் பெரியோர் ஏதோ சொன்னார்கள், மறந்துவிட்டது’ என்று கூறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நன்னூலின் கடவுள் வாழ்த்தில் அசோக மரத்து நிழலில் அமர்ந்தவன் ‘நான்முகன்’ என்று குறிக்கப்படுகிறான். பிறர் செவிக்கு அச்சொல் பிரமன். நம் செவிக்குச் சமவசரணத்தில் நாற்றிசையோர்க்கும் முகங்காட்டி அமர்ந்திருக்கும் அருகன். திருக்குறளின் முதல் அதிகாரத்துத் தொடர்களைப் பற்றிய வாதமும் இத்தகையதே. அதை நம்மவர் பலமுறை எழுதியாயிற்று.

நம்மிடமிருந்து பிறரிடம் சென்று வேறுபட்ட சொற்கள் சில உள. அவற்றுள் மேன்மையுற்றதும் உண்டு, இழிவுற்றதும் உண்டு.

மேன்மையுற்றது பள்ளி. மதுரையை அடுத்த மாங்குளத்து மலையில் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. கணிநந்தன் என்னும் ஆசிரியர்க்காக நெடுஞ்செழியனின் பணியாளனான கடலன் வழுதி அமைப்பித்த இடத்தை அவற்றுள் ஒன்று ‘பளி’ என்று சொல்கிறது. பள் என்றால் கிடத்தல் என்னும் அடிப்பொருளை வைத்துப் பார்த்தால், துறவி உடல் சாய்த்த கற்படுக்கையும் அது இருந்த குகையுமே முதற் பள்ளிகள். துறவிகள் இருந்த இடத்தில் கல்வி இருந்தது. ஊர்ப்பிள்ளைகள் அங்கே சென்றனர். படுக்கையைக் குறித்த சொல் படிக்கும் இடத்தைக் குறிக்கலாயிற்று. பௌத்தரும் தம் உறைவிடத்தைப் பள்ளி என்றனர். பின்னர் இசுலாமியர் தம் தொழுகையிடத்தைப் பள்ளிவாசல் என்றனர். மலையாள நாட்டில் கிறித்தவரின் கோயிலும் பள்ளியே. வைணவர்க்கோ அச்சொல் பழைய கிடக்கைப் பொருளிலேயே திருமாலின் அறிதுயிலைச் சொல்லும். ஒரு சொல்லை இத்தனை சமயத்தார் ஏந்திக்கொண்டது தமிழில் அரிது. அதை முதலில் கல்லில் வெட்டியவர்கள் யார் என்பது மட்டும் மறந்துபோயிற்று.

இழிவுற்றது அமணம். பிராகிருதத்தில் ‘சமண’ என்பது தமிழ் நாவில் முதலெழுத்துக் குறைந்து ‘அமண்’ என்றாயிற்று. கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையில் சேர மரபினர் காலத்துக் கல்வெட்டு ஒன்று யாற்றூர்ச் செங்காயபன் என்பவரை ‘மூதா அமண்ணன்’ என்று போற்றுகிறது. முதிய துறவி என்பது பொருள். அரச குடும்பத்தார் அவர்க்கு உறையுள் அமைத்துத் தந்தனர். அச்சொல்லில் அன்று மதிப்பன்றி வேறொன்றும் இல்லை. இன்று அம்மணம் என்றால் என்ன பொருள் என்பதை நான் எழுதவேண்டுவதில்லை.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? உடையையும் துறந்த முனிவரைத் தம்முள் ஒருவராகக் காண்போர் அவர் துறந்ததைக் காண்பர். நம் நூல்கள் அவரைத் திகம்பரர் என்கின்றன. திசைகளையே ஆடையாக உடுத்தவர். வெளியே நின்று காண்போர் அவரிடம் இல்லாததை மட்டும் கண்டனர். சமயப் பூசல் மிகுந்த ஏழாம் நூற்றாண்டிலிருந்து அவ்வாறு காண்போர் பெருகினர். தேவாரப் பதிகங்களில் நம் துறவியரின் தோற்றமும், உணவு கொள்ளும் முறையும், அவர்கள் ஓதிய பிராகிருதமும் பழிப்புக்கு உள்ளாயின. காலம் செல்லச் செல்ல அமணர் என்ற பெயர் பழகியோர் குறைந்தனர். பழிப்பு மட்டும் சொல்லில் ஒட்டிக்கொண்டது. இன்று அச்சொல்லை வழங்குவோரிடம் பகை ஒன்றும் இல்லை. தம் குழந்தையைப் பார்த்தே அப்படிச் சொல்கின்றனர்.

பட்டினி என்ற சொல்லின் நிலை இன்னும் வருத்தந்தருவது. ஆர்க்காட்டை அடுத்த விளாப்பாக்கத்தில் முதற் பராந்தக சோழனின் 38ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது, கி.பி. 945. திருப்பான்மலை அரிட்டநேமி படாரரின் மாணாக்கியாரான ஒரு துறவுப் பெண்மணி அவ்வூரில் கிணறு வெட்டினார் என்பது செய்தி. அவர் பெயர் பட்டினிக் குரத்தியடிகள். உண்ணா நோன்பில் உறுதி பெற்றவர் என்பதற்கான பெருமைப் பெயர் அது. இன்று பட்டினி என்றால் வறுமை. உணவு இல்லாமல் உண்ணாதிருப்பதற்கும், உணவு இருந்தும் உண்ணாதிருப்பதற்கும் ஒரே சொல் வழங்கிய காலத்தில் இரண்டாவதே மேலோங்கி நின்றது. அவ்வாறு நோற்போர் ஊருக்குள் குறைந்ததும் முதலாவது மட்டும் எஞ்சியது.

அப்பெயரின் பிற்பகுதியையும் கவனிக்கவேண்டும். குரவர் என்பதன் பெண்பால் குரத்தி. கழுகுமலைப் பாறையில் சிற்பங்கள் செய்வித்தவர்களின் பெயர்களுக்கிடையே குரத்தியார் பலர் உள்ளனர். வந்தவாசியை அடுத்த வேடலில் கனகவீரக் குரத்தியார் என்பவரிடம் ஐந்நூறு மாணாக்கியர் இருந்தனர் என்று ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. அவர்களைக் காத்து உணவளிக்க ஊரிலிருந்த சிராவகர் பொறுப்பேற்றனர். விளாப்பாக்கத்துக் கல்வெட்டில் ‘பெண்பள்ளி’ என்ற சொல்லும் வருகிறது. ஆசிரியர் பெண்ணாக இருத்தல் ஒரு சமூகத்தில் இயல்பாக இருந்தால் மொழி அதற்கொரு சொல்லைத் தானே ஆக்கிக்கொள்ளும், ஆக்கிக்கொண்டது. அந்த நிலை மறைந்தபோது சொல்லும் போயிற்று. இன்று குரத்தி என்று உரக்கச் சொன்னால் கேட்போர் வல்லின றகரம் போட்டுக் குறிஞ்சி நிலத்துப் பெண்ணை நினைப்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்கள் மீண்டும் ஆசிரியர் ஆனபோது ‘ஆசிரியை’ என்று புதிதாகச் சொல் செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

இனி, பிறரிடமிருந்து நம் வாய்க்கு வந்த சொல் ஒன்று. ஊர்ப்பயணத்தில் உணவகத்தில் அமர்ந்ததும் நாம் முதலில் கேட்பது ‘இது சைவந்தானே?’ என்பதுதான். திருமண வீட்டில் பந்தி பரிமாறுவோரிடம் ‘நாங்கள் சைவம்’ என்று சொல்லாதவர் நம்மில் எவர்? புலால் உண்ணாமைக்குத் தமிழ் பொதுவழக்கில் சிவநெறியின் பெயர் நிலைத்துவிட்டது. நமக்கு அதில் மனத்தாங்கல் வேண்டியதில்லை. சைவ வேளாளரும் அந்நெறியைப் போற்றியவர்களே. ஆனால் சொல் தன்னோடு எல்லையையும் கொண்டுவருகிறது. ‘சைவம்’ என்றதும் கேட்பவர் உள்ளத்தில் புலால் நீங்கிவிடும், அவ்வளவே. கிழங்கு, பூண்டு, தேன், பொழுது சாய்ந்தபின் உண்ணுதல் ஆகியவை அச்சொல்லுக்குள் வாரா. நாம் ஒவ்வொன்றாக விளக்கத் தொடங்கினால், ‘அப்படியானால் ஐயர் வீட்டுச் சமையல் போல’ என்று அன்போடு முடித்துவிடுவர். ஓர் உயிரைக் கொல்லாமை, பல உயிர்க்கு இடமானதைத் தவிர்த்தல், இருளில் கண்ணுக்குப் புலப்படாத உயிரைக் காத்தல் என்று தொடர்ந்து செல்லும் ஓர் எண்ணம், பண்டங்களின் பட்டியலாகச் சுருங்கிவிடுகிறது. நம் பிள்ளைகளும் அதைப் பட்டியலாகவே கற்கின்றனர். ‘எதற்காக?’ என்று கேட்கும் வயது வரும்போது பட்டியலால் விடை சொல்ல இயலாது.

உணவை விட இறப்பைக் குறிக்கும் சொற்களில் இந்த வேறுபாடு கூர்மையாகத் தெரியும். இறந்தார் என்று வெளிப்படையாகச் சொல்லாமல் துஞ்சினார் என்பது மங்கலம் என்று இலக்கணம் கூறும். அதன்பின் ஒவ்வொரு சமூகமும் தன் வழியில் சொல்கிறது. சிவபதம் அடைந்தார், பரமபதித்தார், கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார், மவுத்தானார். செத்தவன் எங்கே போனான் என்பதைப் பற்றிய நம்பிக்கை ஒவ்வொன்றிலும் உள்ளது. நம் நூல்களோ எங்கே போனார் என்பதை விட எப்படிப் போனார் என்பதையே பெயரிட்டுக் காட்டுகின்றன: சமாதி மரணம், பண்டித மரணம். கலங்காத உள்ளத்தோடு இறந்தவர், அறிந்து இறந்தவர் என்பன பொருள்கள். அறிவோடு இறத்தல் என்ற ஒன்று உண்டு, அது வாழ்நாள் முழுதும் பயிலவேண்டிய திறம் என்ற எண்ணம் இச்சொற்கள் இல்லாத மொழியில் எளிதில் தோன்றாது.

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தாங்கிய பாறையைக் கண்டு வணங்காதவர் நம்மில் குறைவு. அங்கே பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பு நோற்றதைச் சொல்லி, அவ்விடத்தை ‘நிசீதிகை’ என்று பெயரிடுகிறது. முப்பது நாள் நோற்ற மற்றொருவர்க்கும் அங்கே கல்வெட்டு உண்டு. எத்தனை நாள் என்பதை எண்ணி வெட்டியிருப்பதைக் காணுங்கள். இறந்தார், மாண்டார், விண்ணகம் புக்கார் என்று எதுவும் இல்லை. நோற்றார் என்பதே வினை.

சங்க காலத்தில் வடக்கிருத்தல் என்றொரு வழக்கம் இருந்தது. மக்களோடு மாறுபட்ட கோப்பெருஞ்சோழனும், புறப்புண்ணுக்கு நாணிய சேரமான் பெருஞ்சேரலாதனும் வடக்கிருந்தனர். புறத்தோற்றத்தில் இரண்டும் உண்ணாதிருந்து உயிர்விடுதலே. ஆனால் அம்மன்னரைச் செலுத்தியது மானம். சல்லேகனையோ மானம், சினம், துயரம் ஆகிய எல்லாவற்றையும் முதலில் மெலியச் செய்து, பின்பே உடலை மெலியச் செய்வது. சொல்லின் பொருளே மெலிவித்தல். தீராத நோய், மூப்பு, பஞ்சம், நீக்கவியலாத இடுக்கண் ஆகிய நிலைகளில் மட்டுமே அது ஏற்கத்தக்கது என்று சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகம் வரையறுக்கிறது. அதன் தமிழ் வடிவமான அருங்கலச்செப்பை இளமையில் மனப்பாடம் செய்தவர்கள் நம் ஊர்களில் இருந்தனர். சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகள் கோவலனின் முடிவைக் கேட்டு உண்ணா நோன்பால் உயிர்நீத்ததைப் படிக்கும்போது, துயரத்தால் தூண்டப்பட்ட அது எவ்வகை மரணம் என்று நம் பெரியோர் வாதிட இடம் உண்டு. இரண்டையும் பிரித்துப் பேசுவதற்கான சொற்கள் நம்மிடம் இருப்பதால்தான் அந்த வாதமே எழுகிறது.

அச்சொற்கள் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை 2015ஆம் ஆண்டு கண்டோம். ஆகஸ்டு 10ஆம் நாள் இராசத்தான் உயர்நீதிமன்றம், வடநாட்டார் சந்தாரா என்று கூறும் இந்நோன்பு தற்கொலைக்கு ஒப்பானது என்றும், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 306, 309 ஆகிய பிரிவுகளின்கீழ் குற்றமாகக் கருதத்தக்கது என்றும் தீர்ப்பளித்தது. நாடெங்கும் சமணர்கள் அமைதி ஊர்வலம் சென்றனர். ஆகஸ்டு 31ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. வழக்கின் சட்ட நுணுக்கம் நமக்கு இங்கே வேண்டுவதில்லை. வழக்குத் தொடுத்தோரும் உயிரின்மீது அக்கறை கொண்டவர்களே. முதியோர் வற்புறுத்தப்படக் கூடாது என்ற அச்சம் பொருளற்றதும் அன்று. ஆனால் நீதிமன்றத்தின் கையில் இருந்த சட்டத்தில் ஒருவர் தாமே உயிர்விடுவதற்கு ஒரே பெயர்தான் இருந்தது. தமிழிலும் அதைத் தற்கொலை என்றே சொல்லவேண்டும். கொலை என்பது அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கொல்லாமையைத் தலையான அறமாகக் கொண்ட நெறியின் உச்ச நோன்புக்குக் கொலை என்று பெயரிட்டபின் வாதாடுவதற்கு என்ன இடம் எஞ்சும்?

இதே வினாவைப் பூச்சியபாதர் தம் சருவார்த்தசித்தி உரையில் எழுப்பி விடை கூறியிருக்கிறார். விருப்பு, வெறுப்பு, மயக்கம் ஆகியவற்றால் தூண்டப்பட்டு நஞ்சாலோ கருவியாலோ உயிரை மாய்ப்பதே தற்கொலை என்றார் அவர். வணிகன் ஒருவனின் பண்டசாலை தீப்பற்றுகிறது. பண்டசாலை அழியவேண்டும் என்று அவன் விரும்பவில்லை; முடிந்தவரை காக்கிறான்; காக்க இயலாதபோது உள்ளிருக்கும் விலையுயர்ந்த பொருளையாவது காக்க முனைகிறான். உடல் பண்டசாலை, விரதங்கள் அதனுள் இருக்கும் பொருள். ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் தெளிவாகப் பிரித்துவைத்த இரண்டு கருத்துகள், ஒரு சொல்லின் வறுமையால் நம் காலத்தில் மீண்டும் ஒன்றாகிவிட்டன.

நம் இன்றைய நிலைக்கு வருகிறேன். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர் 89,265 பேர். இதில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நாமும், வணிகத்தின் பொருட்டு இராசத்தானிலிருந்தும் குசராத்திலிருந்தும் வந்து குடியேறிய உடன்பிறந்த நெறியினரும் அடங்குவர். நகரங்களில் ‘ஜெயின்’ என்னும் சொல் இப்போது இரண்டாமவரையே குறிக்கிறது. வந்தவாசிப் பக்கத்து நயினார் வீட்டுப் பெண் சென்னைக் கல்லூரியில் தன்னை ஜெயின் என்று கூறிக்கொண்டால், ‘தமிழ் இவ்வளவு நன்றாகப் பேசுகிறாயே!’ என்ற பாராட்டு கிடைக்கும். நன்னூல் செய்தவரின் வழிவந்தவளுக்கு இந்தப் பாராட்டு! சமணர் என்று கூறிக்கொண்டாலோ, ‘அவர்கள் இன்னும் இருக்கிறார்களா?’ என்பர், அச்சொல் பாடப்புத்தகத்தின் இறந்தகாலத்தில் தங்கிவிட்டது. ஆக, நாம் யார் என்பதைச் சொல்ல உள்ள இரண்டு சொற்களில் ஒன்று நம்மை வேற்று நாட்டார் ஆக்குகிறது, மற்றொன்று நம்மைக் கல்லறைக்கு அனுப்புகிறது.

வடநாட்டுச் சகோதரர்களோடு உறவு நெருங்க நெருங்க அவர்கள் வழங்கும் இந்திச் சொற்கள் நம் அழைப்பிதழ்களிலும் வாழ்த்துகளிலும் வந்து அமர்கின்றன. உறவு நல்லது. நம் சிராவகர்கள் முன்பும் மணிப்பிரவாள நடையைக் கைக்கொண்டவர்களே. ஸ்ரீபுராணத்தை வடமொழி கலந்து எழுதிய அதே மரபுதான் தமிழுக்கு இலக்கணமும் நிகண்டும் யாப்பு நூலும் செய்து தந்தது. புறச்சொல் வருவதை நம் முன்னோர் அஞ்சவில்லை. வந்த சொல்லோடு தம் சொல்லையும் வைத்துக்கொண்டனர் என்பதே வேறுபாடு. அருகன், முக்குடையான், நோன்பு, தருமதேவி அம்மன் என்று எழுபது வயதினர் சொல்லும் இடங்களில் இருபது வயதினர் என்ன சொல்கின்றனர் என்பதை ஒவ்வொருவரும் தம் வீட்டிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

நம் அறக்கட்டளைக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டுகளில் இம்மலரின் சில பக்கங்களை நம் ஊர்ச் சொற்களுக்காக ஒதுக்குங்கள். பூசைப் பொருள்களின் பெயர், நோன்புகளின் பெயர், சமையலறையில் பெண்கள் வழங்கும் சொல், இறப்பு வீட்டில் சொல்வது, சொல்லாமல் தவிர்ப்பது ஆகியவற்றை ஊர் ஊராகக் கேட்டு எழுதவேண்டும். சித்தாமூரில் வழங்குவது பொன்னூரில் வேறாக இருக்கலாம், இரண்டையும் எழுதவேண்டும். கேட்கச் செல்பவர்கள் பாட்டிமாரிடம் முதலில் செல்லட்டும். பகற்பொழுதில், அவர்கள் மாலை உணவை முடித்துவிட்டு எழுவதற்கு முன்பாகவே.